இடது தோளில் ஏழு தையல்

பாறசாலை
4 நவம்பர் 2024

ஜெஸ்னா மகளுக்குப் பெரியப்பா எலியா எழுதுவது.

சந்தையில் வைத்து மேல்சாதிக்காரர்கள் கிழித்த சட்டை அது. கிழிபட்டவள் தன் கையாலேயே தைத்த தையல் அது. அதை நீ அலங்காரம் என்று எழுதியிருக்கிறாய். தைத்தவள் பெயர் தெரியாது என்றும் எழுதியிருக்கிறாய். அந்தத் தையலைப் பார்த்து நீயும் ஒரு உடுப்புத் தைத்து, அதற்கு ‘யாரோ ஒருத்தி’ என்று பெயர் வைத்து, உன் பல்கலைக்கழகத்தில் கைதட்டு வாங்கியிருக்கிறாய். அவள் யாரோ ஒருத்தி அல்ல. அவள் பெயர் ஏசுவடியாள். என் தாத்தாவுக்குப் பாட்டி.

நலம் விசாரிக்காமல் தொடங்கிவிட்டார் என்று நினைக்காதே. நாற்பத்தொரு வருடம் நெய்யாற்றின்கரைக் கோர்ட்டு வாசலில் இருந்து மற்றவர்களுக்கு மனு எழுதினவன் நான். குறையை முதல் வரியில் சொல்லாத மனுவில் எந்த அதிகாரியும் இரண்டாம் வரிக்குப் போக மாட்டான். இனி விசாரிக்கிறேன். அங்கே குளிர் எப்படி? சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா? இங்கே நானும் உன் பெரியம்மை கிருபாபாயும் சுகம். அவளுக்கு மட்டும் முழங்கால் வலி உண்டு, மழை விட்டால் குறையும் என்கிறாள். மழை விடவில்லை.

உன் அப்பா யோசுவா எனக்குத் தம்பி என்றாலும் சொல்லிக் கேட்கிற தம்பி அல்ல. உன் கண்காட்சி வீடியோவை அவன்தான் குடும்பக் குழுவில் போட்டான். எல்லோரும் இதயம் அனுப்பினார்கள். உன் பெரியம்மை போனை என் முகத்துக்கு நேரே பிடித்து, “பாருங்க, நம்ம பிள்ள பெரிய ஆளாயிட்டா” என்றாள். நான் முதலில் உன்னைப் பார்த்தேன். பிறகு உனக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டியில் இருந்த சட்டையைப் பார்த்தேன். நிறுத்தி நிறுத்திப் பதினோரு தடவை பார்த்தேன். பக்கத்தில் இருந்த சீட்டில் நம் ஊரின் பெயர், வெள்ளைக்காரர்கள் அந்தக் காலத்தில் எழுதுகிற முறையில். 1861. ஒரு மிஷனரியின் மனைவி கொடுத்தது. இடது தோளில் சிவப்பு நூலால் சாய்வாக ஏழு தையல்.

உனக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். தோள்சீலைக் கலகம் நடந்த காலம். நம்முடைய பெண்கள் மேலுடம்பை மூடக் கூடாது என்று தடை போட்டிருந்த காலம். ஏசுவடியாள் சட்டை போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனாள். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள், ஒருவன் தோளோடு கிழித்தான். வீட்டுக்கு வந்து ஊசி எடுத்தாள். வெள்ளை நூல் அவளிடம் இருந்தது. மிஷன் பள்ளியில் மதாம்மா, அந்த மிஷனரியின் மனைவி, அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே தையல் வெளியே தெரியாமல் தைக்கத்தான். அவள் சிவப்பு நூலை எடுத்தாள், தெரியும்படி தைத்தாள். அடுத்த சந்தை நாளில் அதே சட்டையோடு போனாள். பிற்பாடு மதாம்மா அதைத் தன் நாட்டில் காட்ட வேண்டும் என்று வாங்கிக்கொண்டு கப்பல் ஏறினாள் என்று கேள்வி.

அந்த ஏழு தையலை அச்சடித்த துணிப்பையை ஒரு தாடிக்காரன் தோளில் மாட்டிக்கொண்டு சிரிக்கிறான். வீடியோவில் இரண்டாம் நிமிடம். அந்தப் பைகளை எரிக்க வேண்டும்.

கடிதத்தில்தான் பதில் எழுத வேண்டும். போனில் நீ அழுவாய், நான் கத்துவேன், உன் பெரியம்மை போனைப் பிடுங்குவாள். ஒன்றும் முடிவாகாது.

உன் பெரியப்பா
எலியா


இங்கிலாந்து
20 நவம்பர் 2024

அன்புள்ள பெரியப்பாவுக்கு, ஜெஸ்னா எழுதிக்கொள்வது.

உங்கள் கடிதத்தை நூலகப் படிக்கட்டில் நின்றபடியே படித்தேன். மழை பெய்தது, கவனிக்கவில்லை. இரண்டாம் தாளில் மை கலைந்துவிட்டது. ஆனாலும் வரி வரியாக எனக்கு மனப்பாடம்.

நான் சண்டே ஸ்கூலில் படித்த தமிழ்தான் இது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், ஆனால் திருப்பி அனுப்பாதீர்கள். போன தடவை அனுப்பினீர்கள்.

முதலில் என் தரப்பைச் சொல்கிறேன். இந்தப் பல்கலைக்கழகத்தில் முந்நூறு வருடத்துத் துணிமணிகள் உண்டு. இழுப்பறை இழுப்பறையாக, மெல்லிய வெள்ளைத்தாள் சுற்றி வைத்திருக்கிறார்கள். எங்கள் வகுப்பில் ஒவ்வொருவரும் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைப் பார்த்துப் புதிதாக ஒன்று செய்ய வேண்டும். ஒருத்தி மீனவர் ஒருவரின் கம்பளிச் சட்டையைப் பார்த்து வலை பின்னினாள். ஒருவன் சிப்பாயின் இரவுச்சட்டையைப் பார்த்துக் காகிதத்தில் செய்தான். நான் இழுப்பறைகளைத் திறந்துகொண்டே போனேன். நாற்பதாவதோ என்னவோ. தாளை விலக்கினேன், சிவப்பில் ஏழு தையல். ஊர்ப்பெயரை அதற்குப் பிறகுதான் படித்தேன். அதற்கு முன்பே எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஏன் தெரியுமா பெரியப்பா? சபையில் என்னை முழு உறுப்பினராகச் சேர்த்த திடப்படுத்தல் ஆராதனைக்குத் தைத்த வெள்ளைக் கவுனில், இடது தோளின் உட்பக்கம், உங்கள் அக்கா சத்தியபாய் மாமி சிவப்பு நூலால் ஏழு தையல் போட்டார்கள். அன்று எங்கள் வீட்டில் எல்லோரும் இருந்தோம். நீங்களும் நாற்காலியில் இருந்தீர்கள். நான் கேட்டேன், “மாமி, இது என்னத்துக்கு?” மாமி உங்களை ஒரு பார்வை பார்த்தார்கள். “அழகுக்காக்கும் மக்கா” என்றார்கள். “கண்ணுக்குத் தெரியாத எடத்தில என்ன அழகு?” என்று நான் திரும்பக் கேட்டேன். உடனே நீங்கள் சொன்னீர்கள்: “அக்கா, வேற பேச்சு பேசு. பெண் பிள்ளகளுக்குச் சொல்லப்பட்ட கதையில்ல அது.”

எனக்குப் பதினான்கு வயது. அழகுக்கு என்று கற்றுக்கொண்டேன். பத்து வருடம் கழித்து அதையே எழுதினேன். வேறு எவளாவது அந்த இழுப்பறையைத் திறந்திருந்தால், கிழிந்ததைத் தைத்திருக்கிறார்கள் என்று ஒரே பார்வையில் சொல்லியிருப்பாள். என் கண்ணுக்குத்தான் அது அலங்காரம். நம் வீட்டுக் கண் இது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். சபையின் நூற்றைம்பதாம் ஆண்டு மலர், 2009இல் நீங்கள் எழுதித் தொகுத்தது, என் அப்பா எனக்குக் கொடுத்துவிட்டது, இங்கே என் மேசையில் இருக்கிறது. ஏழாம் வகுப்போடு நின்ற என் பெரியப்பா, பழைய ரெஜிஸ்டர்களைத் தானாகவே படிக்கப் பழகி எழுதிய புத்தகம் என்று என் ஆசிரியர்களிடம் பெருமையாகக் காட்டினேன். என் ஆய்வுக் குறிப்பில் முதல் மேற்கோளே அதுதான். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: ‘சந்தையில் பகைவர் உபதேசியார் வேதமுத்துவின் மேல்முண்டைப் பறித்துக் கிழித்தனர். அவர் அதையே தைத்து மறுவாரமும் போர்த்திச் சென்றார். அவருடைய மனைவியும் விசுவாசத்தில் உறுதியாயிருந்தார்.’

அந்த மனைவிதான் ஏசுவடியாளா? அவள் பெயர் தெரியாது என்று எழுதியது நான் மட்டும்தானா?

பெரியம்மையின் முழங்காலுக்கு இங்கிருந்து ஒரு தைலம் அனுப்புகிறேன். உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கிறேன். கோபமாக இருந்தாலும் அனுப்புங்கள்.

அன்புடன்
ஜெஸ்னா


பாறசாலை
2 டிசம்பர் 2024

ஜெஸ்னா மகளுக்கு.

கடிதம் கிடைத்தது. பிழைகள் ஒன்பது. திருப்பி அனுப்பவில்லை.

நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அது சபைக்கு எழுதியது. சபைக்கு எழுதும்போது சபை தாங்குகிற அளவுக்குத்தான் எழுத முடியும். நீ அங்கே இருந்துகொண்டு பக்க எண் சொல்லி என்னைக் கேள்வி கேட்கிறாய். அந்த மலருக்காக நான் கரையான் தின்ற எட்டு ரெஜிஸ்டர்களை வெயிலில் காயவைத்து, பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். எந்தப் பல்கலைக்கழகமும் எனக்கு இழுப்பறை திறந்து தரவில்லை. அதில் எதை எழுதினேன், எதை எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும்.

இப்போது பேச்சு உன் பல்கலைக்கழகத்தைப் பற்றி. இத்துடன் மனு இணைத்திருக்கிறேன். நம் டைப்பிஸ்ட் அனூப் ஆங்கிலத்தில் அடித்துத் தந்தான். “அப்பச்சா, ‘எரிக்க வேண்டும்’னு அடிக்கணுமா? கொஞ்சம் மயமா, நோகாம அடிக்கட்டா?” என்று கேட்டான். நான் சொன்னபடியே அடிக்கச் சொன்னேன். மூன்று கோரிக்கை. சீட்டில் ஏசுவடியாள் என்று பெயர் எழுத வேண்டும். பைகளை எரிக்க வேண்டும். சட்டையைப் பாறசாலைக்கு அனுப்ப வேண்டும். இதை நீயே அவர்கள் கையில் கொடுத்து, வாங்கியதாகக் கையெழுத்து வாங்கு.

ஆதாரம் கேட்பார்கள். கேட்டால் நான்தான் ஆதாரம் என்று சொல். என் அப்பா எனக்குச் சொன்னார், அவருக்கு அவர் அப்பா சொன்னார். நாலு தலைமுறைக்கு வாய் போதாதா? அவர்களுடைய சீட்டை எழுதியவன் மட்டும் சந்தையில் நின்று பார்த்தானா?

திடப்படுத்தல் அன்று நான் அப்படிச் சொன்னதாக எழுதியிருக்கிறாய். சொல்லியிருக்கலாம். அந்தக் காலத்தில் அப்படித்தான்.

தைலம் வந்தது. நல்ல வாசனை. உன் பெரியம்மை அதை முழங்காலில் போடாமல் அலமாரியில் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள். கிறிஸ்துமசுக்கு நீ வர மாட்டாய் என்று யோசுவா சொன்னான். வராவிட்டால் போ. பதில் எழுது.

எலியா


இங்கிலாந்து
18 டிசம்பர் 2024

அன்புள்ள பெரியப்பாவுக்கு, ஜெஸ்னா.

மனுவைக் கொடுத்தேன். கையெழுத்தும் வாங்கினேன், பிரதி இத்துடன் இருக்கிறது. துணிமணிகளுக்குப் பொறுப்பான அம்மையார் நல்லவர். ‘எரிக்க’ என்ற இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு கடைசிவரை படித்தார்.

அவர்கள் எழுதிய பதிலும் இணைத்திருக்கிறேன். தமிழில் சுருக்கிச் சொல்கிறேன். குடும்பத்தில் வாய்வழியாக வந்த கதையை மதிக்கிறோம். சீட்டை மாற்றத் தயார். ஆனால் இந்தச் சம்பவத்தைப் பற்றி அச்சில் இருக்கிற ஒரே சான்று சபை மலரின் நாற்பத்தொன்றாம் பக்கம். அது கிழிந்தது ஆணின் மேல்முண்டு என்கிறது, எங்களிடம் இருப்பது பெண்ணின் சட்டை. அந்தப் பக்கத்தை எழுதியவரும் மனு அனுப்பியவரும் ஒரே ஆள். அவர் சொல்வதில் எதை நாங்கள் எடுத்துக்கொள்வது?

பெரியப்பா, உங்கள் வழக்கில் எதிர்த்தரப்புச் சாட்சி நீங்கள்தான். அந்தப் புத்தகத்தைக் கோர்ட்டில் கொண்டுபோய் வைத்தவள் நான். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் சத்தியபாய் மாமியைக் கூப்பிட்டேன். அந்த மலர் வந்த வருடத்திலிருந்து மாமி உங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை. ஏன் என்று எங்களிடம் யாரும் சொன்னதும் இல்லை. பேசியதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் மாமி “அப்படியே எழுது, மினுக்காத” என்றார்கள்.

“மாமி, அந்த ஏழு தையலு அழகுக்கு இல்லியா?”

“அழகுக்கா? எங்க அம்மைக்கு அவளுக்க மாமியாரு தச்சுக் குடுத்தா. அவளுக்கு அவளுக்க மாமியாரு. ஒரு பெண்ணு திடப்படுத்தலுக்கோ கல்யாணத்துக்கோ முதல்ல வெள்ள உடுக்கும்போ அவளுக்க எடத்தோளில உள்பக்கமா ஏழு போடணும். எவனாவது கிழிச்சா எங்க தைக்கணும்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கணும். அதுக்காக்கும்.”

“பின்ன அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்னிய?”

“ஒனக்க பெரியப்பன் முன்னால இருந்தாம்லா. அவன் புத்தகத்தில அடிச்சு வச்சிருக்கான், கிழிஞ்சது உபதேசியாருக்க மேல்முண்டாக்கும்னு. அச்சுக்குக் குடுக்கதுக்கு முந்தியே நான் படிச்சிட்டு சொன்னேன், எலே, இது பொய்யாக்கும், கிழிஞ்சது பாட்டிக்க சட்டையாக்கும்னு. அப்போ அவனுக்க மக சுமிக்கு காட்டாக்கடையில இருந்து கல்யாண ஆலோசனை வந்திருந்த சமயம். மாப்பிள வீட்டுக்காரங்க மலரை வாங்கிப் படிப்பாங்க, சந்தையில துணி உரியப்பட்ட குடும்பமான்னு கேப்பாங்கன்னு அவனுக்குப் பயம். அவனுக்க மகளுக்குக் கல்யாணம் நடக்கணும்னா பாட்டிக்க பேரு வெட்டுப்படணுமா? அன்னிக்கு எறங்கினதாக்கும் நான் அந்த வீட்டில இருந்து.”

“இப்போ நீங்க ஒரு வார்த்த பல்கலைக்கழகத்துக்கு எழுதினா போதும் மாமி.”

“நான் என்னத்துக்கு எழுதணும்? அவன் எழுதினத அவனே மாத்தட்டு.”

இதுதான் பேச்சு. மினுக்கவில்லை.

என் மேலங்கியைக் கண்காட்சியிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். பாலராமபுரத்துத் துணி, நாலு மாதம் கையால் தைத்தது. எடுத்தால் மதிப்பெண் போகும். போகட்டும். ஆனால் ‘தவறு செய்தது நான்’ என்று மட்டும் தனியாக எழுதிக் கொடுக்க மாட்டேன். நீங்கள் சொன்னாலும் மாட்டேன், இவர்கள் சொன்னாலும் மாட்டேன். எனக்குச் சொல்லப்படாததற்கு நான் மட்டும் எப்படிப் பொறுப்பு?

சட்டை திரும்பி வந்தால் அதை எங்கே வைப்பீர்கள்? சபை அலமாரியில், மலர்க் கட்டுக்குப் பக்கத்திலா?

ஆதாரம் கொடுக்க ஜனவரி முடிய நேரம் தந்திருக்கிறார்கள்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். பெரியம்மைக்கு முத்தம்.

ஜெஸ்னா


பாறசாலை
14 ஜனவரி 2025

அன்புள்ள ஜெஸ்னா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் உன்னைத்தான் திட்டி எழுதினேன். நாலு தாள் கிழித்தேன். ஐந்தாவது நாள் உன் பெரியம்மை காப்பி வைத்துவிட்டுச் சொன்னாள்: “மனுசா, நாப்பது வருசம் ஊராருக்கு மனு எழுதினியள்ளா? ஒருக்கா ஒங்களுக்கு எதிரா ஒண்ணு எழுதிப் பாருங்க. நல்லா வரும்.” அவள் அப்படிப் பேசுகிறவள் அல்ல. தைலம் அனுப்பியதிலிருந்து உன் கட்சியில் சேர்ந்துவிட்டாள்.

சத்தியபாய் சொன்னது உண்மை. சுமியின் கல்யாணத்துக்குப் பயந்து எழுதினேன். கிழித்தவர்களுக்கு இல்லாத வெட்கம் எனக்கு வந்தது. ஏசுவடியாள் மறைக்காமல் தைத்ததை, நூற்றைம்பது வருடம் கழித்து நான் வெள்ளை நூலால் தைத்தேன்.

பன்னிரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அறிவிப்பு வாசிக்கிற நேரத்தில் எழுந்து முன்னால் போனேன். செயலாளர் சுந்தரதாஸ் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“அண்ணா, அறிவிப்புன்னா முன்னாலயே எழுதித் தரணும்” என்றான்.

“எழுதித் தந்ததில வந்த வினையாக்கும் இது. இப்போ வாயால சொல்லுகேன்.”

மைக்கை வாங்கி, மலரின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் நான் எழுதியது பொய் என்றேன். கிழிபட்டது உபதேசியாரின் மேல்முண்டு அல்ல, அவர் மனைவி ஏசுவடியாளின் சட்டை என்றேன். ‘சட்டை’ என்ற சொல் வெளியே வந்ததும் மைக் நின்றுவிட்டது. கரண்ட் போகவில்லை, மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் சுந்தரதாசைப் பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்தான். நான் மைக்கைப் பீடத்தில் வைத்துவிட்டு, கோர்ட்டு வாசலில் கட்சிக்காரரைக் கூப்பிடுகிற குரலில் மீதியைச் சொன்னேன்.

ஈசாக் மூப்பர் எழுந்தார். “எலியா, பெண் பிள்ளகள் இருக்க எடமாக்கும் இது.”

“அதனாலதான் மூப்பரே சொல்லுகேன். ஆணுங்க மட்டும் இருக்க எடத்தில நான் எழுதினத நீங்க பாத்தியளே.”

“பழைய மானக்கேட்டை இப்போ கிளறி என்ன கிட்டப் போகுது?”

“மானக்கேடு யாருக்கு? கிழிச்சவனுக்காக்கும். அவனுக்க பேரப்பிள்ளைகள் வெட்கப்படட்டும். நான் எதுக்கு அவனுக்குப் பதிலா வெட்கப்படணும்?”

பெண்கள் பக்கம் ஒரு சத்தம் வந்தது. ஆமென் போல இருந்தது, யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. கதவை நோக்கிச் சிலர் போனார்கள். போகட்டும். நான் முடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

வெளியே சத்தியபாய் நின்றாள். எழுபத்தொன்பது வயது, குடையை ஊன்றிக்கொண்டு. பதினைந்து வருடத்துக்குப் பிறகு அவளாக என் பக்கம் வந்தாள்.

“தையலு ஏழுன்னு சொன்னியா?”

“சொன்னேன் அக்கா.”

“கடைசி பெஞ்சுக்குக் கேக்கேல்ல. அடுத்த ஞாயிறும் சொல்லு.”

“வீட்டுக்கு வாறியா? கிருபா மீன்கறி வச்சிருக்கா.”

“எல்லா புத்தகத்திலயும் திருத்தி முடிச்சிட்டு கூப்பிடு. மீன் அப்பவும் கிட்டும்.”

அவ்வளவுதான். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

என் முதல் கடிதத்தில் தவறு உன்னுடையது என்று எழுதினேன். அந்த வரியை அடிக்கவில்லை. அதில் உன் பெயருக்கு முன்னால் என் பெயரைச் சேர்த்துப் படித்துக்கொள். உன்னிடம் மன்னிப்பு என்று தனியாக ஒரு வரி எழுத எனக்குக் கை வரவில்லை. கீழே உள்ளதைச் செய்கிறேன்.

இனி யார் யார் என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதுகிறேன். ஒரு பிரதி உனக்கு, ஒன்று பல்கலைக்கழகத்துக்கு, ஒன்று சபைக்கு.

பல்கலைக்கழகம் செய்ய வேண்டியது: சீட்டில் ‘ஏசுவடியாள்’ என்று முதலில் தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் எழுத வேண்டும். ‘அலங்காரம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, ‘சந்தையில் கிழிக்கப்பட்டது, அவளே தைத்தது’ என்று எழுத வேண்டும். மதாம்மாவின் பெயர் அடியில் சின்ன எழுத்தில் இருக்கலாம். பைகளை எரிக்க வேண்டும். அதில் மாற்றமில்லை.

சட்டையைத் திருப்பி அனுப்புகிற கோரிக்கையை நான் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் நீ கேட்டது நியாயமான கேள்வி. மைக்கை நிறுத்துகிற சபையில் அதை வைக்க இடமில்லை. சபை கீழே உள்ளதைச் செய்கிற நாள்வரை அது அங்கேயே இருக்கட்டும். அதுவரை பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு.

சபை செய்ய வேண்டியது: வாசலில் உள்ள முன்னோர் கல்லில் பதினெட்டு ஆண் பெயர்கள் இருக்கின்றன. பத்தொன்பதாவதாக அவள் பெயரை வெட்ட வேண்டும். ‘மனைவி’ என்று அல்ல. கல்லில் இடமில்லை என்று சுந்தரதாஸ் சொல்வான். நான் அளந்து பார்த்துவிட்டேன், நாலு விரல் இடமுண்டு.

சத்தியபாய் செய்ய வேண்டியது: வாக்குமூலம் சொல்ல வேண்டும். அவள் வீட்டு முற்றத்தில் இருந்து நான் எழுத வேண்டும். ஒரு சொல்லும் நான் மாற்றக் கூடாது, பிழை திருத்தவும் கூடாது. அதன் அடியில், உள்தோளில் ஏழு தையல் போட்டு உடுத்த நம் குடும்பத்துப் பெண்கள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். இதுவரை இருபத்து மூன்று பேர் சம்மதித்திருக்கிறார்கள். இதை ஜனவரி இருபத்தைந்துக்குள் தபாலில் சேர்ப்பேன்.

நீ செய்ய வேண்டியது: மேலங்கியை எடுக்கக் கூடாது. எடுத்திருந்தால் திரும்ப வை. ‘யாரோ ஒருத்தி’ என்ற பெயரை மாற்று. அது ஏன் உன் கண்ணுக்கு அலங்காரமாகத் தெரிந்தது என்பதை, என் பெயரையும் மலரின் பக்க எண்ணையும் சொல்லி, பக்கத்தில் எழுதி வை. மதிப்பெண்ணை அவர்கள் தரட்டும், தராமல் போகட்டும்.

நான் செய்ய வேண்டியது: மலர் முந்நூறு பிரதி அடித்தது. திருத்தச் சீட்டு அச்சடித்து வாங்கிவிட்டேன். வீடு வீடாகப் போய், நாற்பத்தொன்றாம் பக்கத்தில் நானே ஒட்ட வேண்டும். நேற்று மாலை வரை பதினாறு வீடு முடிந்தது. மூன்று வீட்டில் உள்ளே விடவில்லை. அங்கே மறுபடியும் போவேன்.

காட்டாக்கடையில் சுமியின் மாமியார் வீட்டிலும் ஒரு பிரதி உண்டு. அன்றைக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தது. அதில் ஒட்டாமல் மற்ற இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதில் ஒட்டிப் பயனில்லை. சுமி போனில் அழுதாள், “அப்பா, இங்க மட்டும் வேண்டாம், நான் இவங்ககூட வாழணும்லா” என்றாள். அவளிடம் சொன்னேன்: உன் கவுனின் இடது தோளிலும் சத்தியபாய் ஏழு போட்டிருக்கிறாள், அந்த வாக்குமூலத்தில் நீயும் கையெழுத்துப் போட வேண்டியவள். அவள் போனை வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் போகிறேன். பசையும் சீட்டும் பையில் எடுத்து வைத்தாயிற்று.

உன் பெரியப்பா
எலியா